எட்டு நாள் பேர், ஒரு கீபோர்ட்

மெக்கானிக்கல் கீபோர்ட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் போய்வரும் ஒரு தண்டு, இரண்டு உலோகத் தகடுகள். விசையை அழுத்தத் தண்டு இறங்குகிறது, தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன, எழுத்து கணினிக்குப் போகிறது. பொதுவாக விசை 4 மில்லிமீற்றர் இறங்கும். எழுத்து பதிவது அதில் பாதி வழியிலேயே, 2 மில்லிமீற்றரில். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் சாதாரண கீபோர்ட்டின் உள்ளே இப்படி எதுவும் இல்லை. எல்லா விசைகளுக்கும் சேர்த்து ஒரே ரப்பர் விரிப்பு, அதற்குக் கீழே மின் தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள், அவ்வளவுதான். விசையை அடிமட்டம் வரை அமுக்கி, ரப்பர் குமிழ் மடிந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் எழுத்து விழும். நாள்பட ரப்பர் தளர்ந்துபோகும். தாளில் ஒரு தடம் அரித்துப்போனால் அந்த வரிசையில் நாலைந்து எழுத்துகள் சேர்ந்தே போய்விடும். பிரித்துச் சரிசெய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, புதிது வாங்கிவிடுகிறார்கள்.

ரப்பர் கீபோர்ட்டுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் வழக்கமாக விசைக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி அழுத்தங்கள். மெக்கானிக்கல் சுவிட்சுக்கு 5 கோடி. ஜெர்மனியின் செரி நிறுவனம் தன் எம்எக்ஸ் சுவிட்சுகள் பலவற்றுக்கு 10 கோடி என்கிறது. இவை ஆய்வுகூடத்தில் இயந்திரம் அழுத்திப் பார்த்த எண்கள். பொகவந்தலாவை மழைக்காலத்தின் ஈரத்தில் எந்தச் சுவிட்சும் அந்த எண்ணை எட்டுமென்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி உண்மையானது. அதைவிட முக்கியமானது, ஒரு சுவிட்ச் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது. குறைந்த காசுக்காரருக்கு மெக்கானிக்கல் கீபோர்ட் ஏற்புடையதாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

தோட்டத்துக் கணக்கில் விலை

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முழுதாக முடித்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். 2024 செப்டம்பர் வர்த்தமானி ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. நம்பி வாங்கக்கூடிய ஆரம்ப நிலை மெக்கானிக்கல் கீபோர்ட்டின் விலை பத்தாயிரம் ரூபாவைச் சுற்றி நிற்கிறது. 10,800 என்று வைத்துக்கொண்டால் 1,350 ரூபாக் கணக்கில் சரியாக எட்டுப் பேர். 1,750 கணக்கில் ஆறுக்குக் கொஞ்சம் மேல். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டுவதும், தீபாவளி முற்பணம் மாதாமாதம் கழிவதும், கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேரோடு நிற்பதும் இந்தக் கணக்கில் வரவில்லை. அவற்றையும் சேர்த்தால் ஒரு கீபோர்ட் என்பது பாதி மாதத்து உழைப்பை நெருங்கும்.

ஆகவே முதற் கேள்வி, இது தேவைதானா என்பது. சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கையில் பழைய மடிக்கணினி இருந்து, அது திறக்கவே பத்து நிமிடம் எடுத்தால், அதே பத்தாயிரத்தை ஒரு எஸ்எஸ்டி வட்டுக்கும் கூடுதல் நினைவகத்துக்கும் கொடுப்பது புத்திசாலித்தனம். கணினியே இல்லாமல் கைப்பேசியில் படிப்பவருக்கு, ஓடிஜி இணைப்பியால் பொருத்தும் சாதாரண கீபோர்ட் போதும். மெக்கானிக்கல் கீபோர்ட்டும் கைப்பேசியில் வேலை செய்யும். ஆனால் அதன் வண்ண விளக்குகள் கைப்பேசி மின்கலத்தை உறிஞ்சிவிடும்.

தேவைப்படுவோர் வேறு. ஹட்டன் பிரதான வீதியிலும் நோர்வூட், மஸ்கெலியாக் கடைத்தெருக்களிலும் இருக்கும் கொமினிகேஷன் கடைகளில் காலை முதல் மாலை வரை விண்ணப்பம், பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று அடித்துத் தள்ளும் பிள்ளைகள். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்குத் தரவுப் பதிவும் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையும் செய்வோர். நிரல் எழுதப் பழகுவோர். இவர்களுக்குக் கீபோர்ட் ஒரு தொழிற்கருவி. வருடத்துக்கு ஒன்றிரண்டு ரப்பர் கீபோர்ட்டைத் தூக்கியெறிபவருக்கு எட்டு நாள் பேர் சில வருடங்களில் திரும்பி வந்துவிடும்.

ஏன் இந்த விலைக்கு இறங்கியது

ஆரம்பத்தில் எல்லாக் கீபோர்ட்டும் மெக்கானிக்கல்தான். தமிழுக்கும் அப்படியே. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ரா. முத்தையா தமிழ் எழுத்துகளைத் தட்டச்சுப் பொறிக்குள் அடக்கினார். ஜெர்மனியில் செய்டல் அன்ட் நௌமான் தயாரித்த பிஜூ பொறிகள் அவருடைய விசை அமைப்போடு விற்பனைக்கு வந்தன. நெம்புகோலும் ஸ்பிரிங்குமாக இயங்கிய அந்தப் பொறிகளின் எழுத்து வரிசை, பின்னாளில் பாமினி என்ற எழுத்துருவின் வழியாக இலங்கைத் தமிழரின் கணினிக்குள் வந்து இன்றும் இருக்கிறது.

கணினிக் காலத்தில் ஐபிஎம் 1981இல் தன் தனிநபர் கணினியோடும், 1985இல் மொடல் எம் என்ற பெயரிலும் கொடுத்த கீபோர்ட்டுகள் ஸ்பிரிங் வளைந்து சொடுக்கும் வகை. எடையும் விலையும் அதிகம். 1990களில் கணினி விலை சரிய, உதிரிப் பாகங்களின் செலவை இறுக்கிப் பிடித்த நிறுவனங்கள் ரப்பர் விரிப்புக்கு மாறின. மெக்கானிக்கல் என்பது சிலருடைய பிடிவாதமாக ஒதுங்கிப்போனது. செரி நிறுவனம் 1980களின் முதற்பாதியில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச் அந்தச் சிலரை நம்பித்தான் பிழைத்தது.

அதன் காப்புரிமை 2014 அளவில் காலாவதியானதும் நிலைமை மாறியது. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் கைல், கேட்டரொன், அவுடெமு போன்ற பெயர்களில் அதே அளவு, அதே கூட்டல் குறித் தண்டு கொண்ட சுவிட்சுகள் பெருமளவில் வெளிவந்தன. முதலில் தரம் ஏறி இறங்கியது. இன்று கேட்டரொன் சுவிட்சுகள் சிலவற்றை மூலத்தைவிட வழவழப்பானவை என்று சொல்வோரும் உண்டு. ரெட்ரகன், ரோயல் குளூஜ், ஔலா, அஜாஸ் என்று கடைகளில் காணும் மலிவு கீபோர்ட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சுவிட்சுகளையோ இவற்றைப் போன்ற வேறு சீனச் சுவிட்சுகளையோ உள்ளே வைத்தவை. கீபோர்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் சுவிட்சின் பெயரைக் கேட்பதுதான் பயன் தரும்.

உலகச் சந்தையில் விலை இறங்கிக்கொண்டே வந்த காலத்தில் இலங்கையில் அது ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டுப் பின்னர் 300ஐ ஒட்டி நின்றது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. முப்பது டொலருக்கு விற்கும் பொருள் கொழும்புக் கடைக்கு வரும்போது பத்தாயிரத்தைத் தாண்டுவதன் காரணம் இதுதான்; கடைக்காரரின் இலாபம் அதில் ஒரு பங்கு மட்டுமே.

சுவிட்சின் நிறமும் சுண்டுவிரலும்

சுவிட்சுகளை நிறத்தால் அடையாளம் சொல்வது செரி தொடங்கிவைத்த வழக்கம். மற்றவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். சிவப்பு, தடையில்லாமல் நேராக இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். மண்ணிறம், எழுத்து பதியும் இடத்தில் விரலுக்குச் சிறு முட்டுத் தரும்; அழுத்தம் 50 கிராமைச் சுற்றி. நீலம் முட்டுவதோடு 'டிக்' என்று சத்தமும் போடும், 60 கிராம். கறுப்பு, சிவப்பைப் போல் நேராக இறங்கினாலும் 60 கிராம் கேட்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்கள் சற்று மாறும்.

கடைக்காரர் முதலில் காட்டுவது நீலத்தைத்தான். தட்டிப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரிவதும், மலிவுக் கீபோர்ட்டுகள் பெரும்பாலும் நீலத்தோடு வருவதும் காரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், தகரக் கூரைக்குக் கீழே, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நீலச் சுவிட்சில் இரவு வேலை பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். லயத்தில் இருந்து வேலை செய்பவருக்குச் சிவப்போ மண்ணிறமோதான் சரி. கொமினிகேஷன் கடையின் இரைச்சலுக்குள் நீலம் பரவாயில்லை. அங்கும் வேறொரு காரணத்தால் அது முதல் தெரிவாக முடியாது.

அந்தக் காரணம் தமிழ். பாமினி வரிசையில் நடு வரிசை இடக்கையின் கீழ் ய, ள, ன, க இருக்கின்றன. வலக்கையின் கீழ் த, ம, ட, கடைசியாகச் சுண்டுவிரலுக்குப் புள்ளி. தமிழில் புள்ளி வைக்காமல் ஒரு வரியும் ஓடாது. அதிகம் அடிக்கப்படும் விசைகளில் ஒன்று மிக வலுக்குறைந்த விரலின் கீழே இருக்கிறது. கு, து, மு, டு எல்லாம் ஷிப்ட் விசையோடு வருபவை. ஷிப்டும் சுண்டுவிரலின் வேலைதான். நாள் முழுக்கத் தமிழ் அடிப்பவருக்கு 45 கிராமுக்கும் 60 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் சாயங்காலம் மணிக்கட்டில் தெரியும். ஆங்கிலத்தில் நிரல் எழுதும் ஒருவர் கறுப்பைப் புகழ்ந்து சொல்வதைக் கேட்டுத் தமிழ்த் தட்டச்சாளர் அதை வாங்கக் கூடாது.

அரச அலுவலகப் பாணியில் யுனிகோட்டில் அடிப்போர் இலங்கைத் தரநிலை 1326இல் 2008ஆம் ஆண்டு இடம்பெற்ற ரெங்கநாதன் விசை அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பைக் கற்றவர்களும் உண்டு. அகர உயிர்மெய்யும் உயிரெழுத்துமாக அடிக்கும் தமிழ்99இல் ஷிப்டின் தேவை குறைவு. எந்த அமைப்பானாலும் மெக்கானிக்கல் கீபோர்ட்டின் விசைகளில் தமிழ் எழுத்து இருக்காது. மும்மொழியும் அச்சிட்ட கீபோர்ட்டுகள் ரப்பர் வகையில்தான் எளிதாகக் கிடைக்கின்றன. பார்த்து அடிப்பவர்கள் தமிழ் ஒட்டிகளை ஒட்டிக்கொள்ளலாம். ஈரக்காற்றில் அவை ஓரம் தூக்கும், நகத்தில் பிசின் ஒட்டும். பாராமல் அடிக்கப் பழகிய பிறகு மெக்கானிக்கல் வாங்குவதுதான் ஒழுங்கான வரிசை.

ஹட்டன் என்று அடிக்க முடியாத கீபோர்ட்

அளவைத் தெரிவு செய்வதில்தான் மலிவு வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முழு அளவுக் கீபோர்ட்டில் 104 விசைகள். வலப்பக்க எண் பலகையை வெட்டினால் 87. அதிலும் இடத்தைச் சுருக்கி அம்புக்குறிகளை நெருக்கினால் 80ஐ ஒட்டிய எண்ணிக்கை. எல்லாவற்றையும் வெட்டினால் 61. விசை குறையக் குறைய விலையும் குறையும். அறுபத்தொரு விசைக் கீபோர்ட் சிறிதாக, அழகாக, ஆயிரம் இரண்டாயிரம் மலிவாக இருக்கும்.

பாமினியில் 'ஹ' இருப்பது மேல் வரிசையின் இடது மூலையில், ஒன்றாம் இலக்கத்துக்கு இடப்பக்கத்து விசையில். 61 விசைக் கீபோர்ட்டில் அந்த இடத்தை எஸ்கேப் விசை பிடித்துக்கொண்டிருக்கும். ஹ வேண்டுமென்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும். ஹட்டன், ஹப்புத்தளை, ஹாலிஎல என்று முகவரி அடிக்கும் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த மூலைக்குப் போவார் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு அதை வாங்கலாம். 68 விசை வகைகளில் பலவற்றிலும் இதே தொல்லை. அறுபத்து நான்கு விசையில் அம்புக்குறிகளையும் திணித்த வகையில் வலப்பக்க ஷிப்ட் ஒற்றை விசையளவுக்குச் சுருங்கி இடம் மாறிவிடும். இடக்கையால் க அடித்து வல ஷிப்டால் கு ஆக்கும் பழக்கமுள்ளவர் அதில் ஒரு பக்கம்கூட ஒழுங்காக அடித்து முடிக்க மாட்டார்.

கொமினிகேஷன் கடைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. பழைய எழுத்துருக்களில் சில எழுத்துகளை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் இலக்கம் தட்டித்தான் எடுக்க முடியும். கணக்கு வேலையும் சேர்ந்தால் எண் பலகை இல்லாமல் முடியாது. அங்கே 104 விசைதான். வீட்டு வேலைக்கு 87 விசை, இடம் இல்லாவிட்டால் 80ஐ ஒட்டிய வகை. இவை இரண்டிலும் ஹ தன் இடத்தில் இருக்கும். பிந்தியதில் வல ஷிப்ட் கொஞ்சம் குட்டையானாலும் கைக்கு எட்டும்.

எதற்குக் காசு கொடுப்பது

பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் காசு கொடுக்க வேண்டும். மாற்றக்கூடியவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சுற்றுப்பலகை, விசைகளின் எண்ணிக்கை, கேபிள் செருகும் வாய், பெரிய விசைகளைத் தாங்கும் கம்பிகள் ஆகியவை முதல் வகை. சுவிட்ச், விசை மூடி, உள்ளே வைக்கும் பஞ்சு எல்லாம் இரண்டாம் வகை.

சுவிட்சை இரண்டாம் வகையில் சேர்க்க ஒரு நிபந்தனை உண்டு. கீபோர்ட் 'ஹொட் ஸ்வொப்' வகையாக இருக்க வேண்டும். அதாவது சுவிட்சின் இரண்டு உலோகக் கால்களும் சுற்றுப்பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்படாமல் சிறு பொருத்தியில் செருகப்பட்டிருக்க வேண்டும். பெட்டியோடு வரும் சிறு இடுக்கியால் இழுத்தால் சுவிட்ச் கழன்று வந்துவிடும். ஆயிரம் ரூபா அதிகம் கேட்டாலும் கொடுக்கத்தக்க ஒரே அம்சம் இதுதான் என்று சொல்லலாம். இதிலும் ஒரு நுணுக்கம்: பழைய மலிவு வகைகள் சிலவற்றில் பொருத்தியின் துளை குறுகலாக இருக்கும், மெல்லிய கால் கொண்ட அவுடெமு சுவிட்ச் மட்டுமே உள்ளே போகும். மூன்று கால் சுவிட்சுக்கான பலகையில் ஐந்து கால் சுவிட்சைச் செருக, கூடுதலான இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் வெட்டிவிட்டால் போதும்.

கேபிள் கழற்றக்கூடிய டைப்-சி வகையாக இருந்தால், அது அறுந்த அன்று தரவு கடத்தும் கைப்பேசிக் கேபிள் ஒன்றைச் செருகி வேலையைத் தொடரலாம். கம்பியில்லா வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, மேசையை விட்டு நகராத கணினிக்கு வீண். மின்கலம் இரண்டு மூன்று வருடத்தில் சோரும். அதற்காகக் கணினியில் செருகும் சிறு துண்டு தொலைந்தால் அதற்கு மாற்றுக் கிடைக்காது.

விசை மூடிகளில் ஏபிஎஸ், பிபிரி என்று இரண்டு பிளாஸ்டிக்குகள். ஏபிஎஸ் சில மாதங்களிலேயே எண்ணெய் பூசியது போல் பளபளக்கும்; அச்சும் தேயும். பிபிரி சொரசொரப்பாகவே இருக்கும். நல்லதுதான், ஆனால் இதற்காகவே விலை கூடிய கீபோர்ட்டுக்குப் போக வேண்டாம். எழுத்து விழுவதில் மாற்றமில்லை. ஏழு வண்ண விளக்கு, உலோகக் கைப்பிடி, திருகும் ஒலிக் குமிழ் எல்லாம் கடைக்காரருக்கு விற்கும் வசதி. வாங்குபவருக்கு எட்டுப் பேரைப் பத்துப் பேராக்கும் வழி.

இந்த விளக்குகளை வைத்துத்தான் போலியும் வருகிறது. பெட்டியில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ரப்பர். மூவாயிரம் ரூபாவுக்கு 104 விசை, விளக்கு, மவுஸ் எல்லாம் சேர்த்துத் தந்தால் அதுவும் ரப்பர். விசை மூடியைக் கழற்றிப் பார்த்துத் தண்டு கூட்டல் குறிபோல் இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. போலிகளிலும் அதே வடிவத்தை வைக்கிறார்கள். தண்டைச் சுற்றிச் சதுரமான, தனியாகக் கழற்றத்தக்க ஒரு சிறு பெட்டி தெரிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். மேல் தட்டிலிருந்தே எழும்பும் பிளாஸ்டிக் குழாய்க்குள் தண்டு நின்றால் அது மெக்கானிக்கல் இல்லை.

வாங்குவதும் வந்து சேர்வதும்

மலையகத்து நகரங்களில் கைக்குக் கிடைக்கும் தெரிவு குறைவு. ஹட்டன், நுவரெலியாக் கடைகளில் ஒன்றிரண்டு வகை இருக்கும். கண்டியில் இன்னும் சில. தொட்டுப் பார்த்து, தட்டிக் கேட்டு, பத்து வகையை ஒப்பிட வேண்டுமென்றால் கொழும்பு பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் இருக்கும் யுனிட்டி பிளாசாதான். பல மாடிகளும் கணினிக் கடைகள். ஒரு கடையில் சொன்ன விலையை அடுத்த கடையில் சொன்னால் ஐந்நூறு குறையும். ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போக அரை நாள், வர அரை நாள். பயணக் காசும், போகாத வேலையின் ஒரு பேரும் சேர்ந்தால் அந்த ஐந்நூறு எங்கே போனது என்று தெரியாது. வேறு காரியத்துக்குப் போகும் ஒருவர் கையில் சுவிட்சின் பெயரையும் விசை எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்துவிடுவதே மலையகத்தின் நடைமுறை, அதுவே மலிவும்.

இணையத்தில் வாங்கினால் விலை குறையலாம். டராஸ் போன்ற தளங்களில் வருடத்தின் பெரிய மலிவு விற்பனை நவம்பர் 11இல் வருகிறது. தோட்டங்களில் சம்பள நாள் பத்தாம் திகதி. இந்தப் பொருத்தம் பயன்படத்தக்கதுதான், விலையை இரண்டு மாதம் முன்பிருந்தே குறித்து வைத்திருந்தால். ஏற்றிவிட்டுக் குறைத்த விலையை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும். சீனாவிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கத்தில் தீர்வையும் வற் வரியும் சேரும். பழுதான பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையையே தின்னும். முதல் கீபோர்ட்டுக்கு அந்த வழி வேண்டாம். சுவிட்ச், விசை மூடி போன்ற சில்லறைகளுக்கு அது நல்ல வழி.

வரும் பொதி எங்கே வரும் என்பதும் தோட்டத்தில் ஒரு கேள்வி. லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத நிலை பல தலைமுறைகளாக நீடிக்கிறது. தோட்டத்தின் பெயருக்கு வரும் தபால் காரியாலயத்தில் கிடந்து, யாரோ எடுத்து, யார் கையிலோ போய்ச் சேரும். கூரியர்காரர் டிவிஷன் வரை மேலே ஏறி வருவதும் அபூர்வம். நகரத்தில் தெரிந்த கடையின் முகவரியையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து, பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறையைத் தேர்வதே பாதுகாப்பு. மண்சரிவுக் காலத்தில் வீதி மூடினால் பொதி நாட்கணக்கில் இடையில் நிற்கும். திருப்பியனுப்பும் கால எல்லை பொதி வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறதா, ஓடர் போட்ட நாளிலிருந்தா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய கீபோர்ட் இன்னும் மலிவு. விளையாட்டுக்காக வாங்கி அலுத்துப்போனவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் பாதி விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்கும்போது ஒவ்வொரு விசையையும் மெதுவாக இருபது முறை அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை அடித்தால் இரண்டு எழுத்து விழுகிறதென்றால் உள்ளே தகடு கறுத்துவிட்டது. ஹொட் ஸ்வொப் என்றால் அதுவும் பேரம் பேசக் கிடைத்த காரணம்தான், சுவிட்சை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பல விசைகள் ஒரே வரிசையில் வேலை செய்யாவிட்டால் தேநீரோ தண்ணீரோ கொட்டிய பலகை, தொடவே வேண்டாம். வட்டமான பழைய பிஎஸ்2 செருகி உள்ள அலுவலகக் கழிவுக் கீபோர்ட்டுகள் மலிவாக வந்தால், அதற்கேற்ற மாற்றி கிடைக்குமா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

மூடுபனியும் பழுதும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் சுவரும் துணியும் காய்வதில்லை. சுவிட்சின் தகடுகள் வெளிக்காற்றுக்குத் திறந்தவை. ஈரமும் அடுப்புப் புகையின் பிசுக்கும் படிந்தால் எழுத்து இரட்டையாக விழத் தொடங்கும். வேலை முடிந்ததும் துணியால் மூடிவைப்பது, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது, அடுப்படிக்கு ஒட்டிய இஸ்தோப்பில் வைத்து வேலை செய்யாமல் இருப்பது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. இரட்டை எழுத்து விழும் சுவிட்சுக்குள் ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு துளி விட்டு, ஐம்பது அறுபது முறை அழுத்தி உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகும். தைலமோ தேங்காயெண்ணெயோ விடக் கூடாது. தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும்.

ஸ்பேஸ் விசையும் ஷிப்டும் கடகடவென்று ஆடுவது மலிவு கீபோர்ட்டின் பிறவிக்குணம். அவற்றின் கம்பி முனையில் சிலிக்கோன் கிரீஸ் சிறிதளவு பூசினால் சத்தம் அடங்கும். பலகையின் பின்பக்கம் காகித ஒட்டுநாடா இரண்டு அடுக்கு ஒட்டினால் வெற்றுப் பெட்டி போல் எதிரொலிப்பதும் குறையும்.

அல்ககோலுக்கும் மசியாத சுவிட்சுக்கு உடனே புதியது தேட வேண்டியதில்லை. முழு அளவிலும் 87 விசையிலும் ஸ்க்ரோல் லொக், போஸ் என்று இரண்டு விசைகள் இருக்கின்றன. அன்றாட வேலையில் யாரும் அவற்றைத் தொடுவதில்லை. அவற்றின் சுவிட்சைப் பிடுங்கிப் புள்ளி விசைக்குக் கீழே செருகி, கெட்டதை அங்கே வைத்துவிடலாம். ஈயம் வைத்த பலகையானால் கைப்பேசி திருத்தும் கடைக்காரரிடம் கொண்டுபோக வேண்டும். சுவிட்சுக்கு இரண்டே உலோகக் கால்கள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து வேறொன்றை வைப்பது அவருக்குச் சில நிமிட வேலை. மொத்தப் பொதியாக வரவழைத்தால் ஒரு சுவிட்ச் நூறு ரூபாவுக்குள் அடங்கும் வகைகள் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொதி எடுத்துப் பிரித்துக்கொண்டால் சில வருடங்களுக்குப் போதும். உத்தரவாதக் காலம் முடியும்வரை ஈய வேலைக்குக் கொடுக்காமல் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோவது நல்லது. பலகையில் ஈயம் தொட்ட அடையாளம் தெரிந்தால் கடைக்காரர் உத்தரவாதத்தை ஏற்க மாட்டார்.